ஒரு ரூபாய் லேத்

காட்டூர் கிளமென்ட் துவாக்குடிப் பட்டறை ஒன்றில் இருபத்தாறு வருடம் கணக்கு எழுதியவர். மார்ச் முடிந்தால் முதலாளி நல்லுசாமிக்கு எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைப்பார்.

"மெஷின் சொத்துங்க. வருஷா வருஷம் தேய்மானம் கழிச்சாலும், பழைய இரும்புக்குப் போடுற வரைக்கும் ஒரு ரூபாயாவது ஏட்டுல நிக்கும். சம்பளம் அப்படியில்லீங்க, வெறும் செலவு. செலவைக் குறைச்சா லாபம் ஏறும்."

நல்லுசாமி நன்றாகவே புரிந்துகொண்டார். போன ஏப்ரலில் கிளமென்டைக் கூப்பிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க சார். இனிமே ஆடிட்டர் ஆபீஸே பாத்துக்கும். நீங்க சொன்ன கணக்குதான்."

கிளமென்ட் தன் கடைசிச் சம்பளத்தைத் தானே செலவில் எழுதி ஏட்டை மூடினார். அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் வாங்கிய லேத் மெஷின் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது. அது நின்றுபோய் ஐந்து வருடம் ஆகிறது. அந்தச் சனியனுக்கு இன்னும் ஒரு ரூபாய் மதிப்பு இருந்தது.