அம்மா கழற்றிய பெல்ட்

எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓடினால் எனக்குப் போடியில் நாங்கள் இருந்த வீடு ஞாபகம் வரும். அம்மா ஊருக்கெல்லாம் கிறிஸ்துமஸ் துணி தைப்பாள். எனக்குப் போன வருஷச் சட்டைதான்.

ஒரு வருஷம், பண்டிகைக்கு முந்தின நாள், அவள் என் சட்டையைத் தைக்க உட்கார்ந்தபோது வாசலில் ஏலக்காய்க் கடைக்காரரின் மனைவி குரல் கேட்டது. அம்மா சட்டென்று மெஷினின் பெல்ட்டைக் கழற்றினாள்.

"ஒரே ஒரு ரவிக்கை, ஆத்தா."

"பெல்ட்டு கழண்டுருச்சுக்கா."

"எங்க வீட்டுல சும்மா கெடக்குற மெஷின் பெல்ட்ட எடுத்தாரச் சொல்றேன்."

"அப்படியே மிதிக்க ரெண்டு காலும் எடுத்தாரச் சொல்லுங்க. இந்தக் காலு இன்னைக்கு எம்புள்ள சட்டைக்கு."

அந்தம்மா சிரித்துக்கொண்டே துணியோடு திரும்பிப் போனார். விடியற்கால ஆராதனைக்குக் கஞ்சி வாசம் போகாத புதுச் சட்டையில் போனேன்.

அலுவலகத்தில் நானும் விதிகளைக் காட்டிப் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒருவரும் சிரித்துக்கொண்டு போனதில்லை. அம்மாவின் வாய் எனக்கு வரவில்லை. சட்டை வந்தது, அதற்கே இன்றும் ஒரு ஸ்தோத்திரம்.