எந்த விசில் மேஸ்திரி விசில்?

எவ்வளவு சோப்பு போட்டாலும் கையில் தோல் பதனிடும் கடுக்காய்த் தண்ணீர் வாடை போகாது. அந்தக் கையில்தான் மருதாணி வைத்துக்கொண்டேன்...

எழுபதுகளின் கடைசி. ஆம்பூர் தோல் கம்பெனியில் வேலை. ஆயுத பூஜை அன்று மதியம் ரெக்கார்ட் டான்ஸ். பக்கப் பலகை இறக்கிய லாரிதான் மேடை. எனக்குப் பெண் வேஷம், அக்காவின் நைலெக்ஸ் புடவை. யாரும் சொல்லித் தரவில்லை. சினிமா பார்த்துப் பார்த்து நானே கற்றது.

முந்தைய வருஷ ஆட்டத்தை யாரோ புகார் சொன்னதால் புதிதாக ஒரு நிபந்தனை. அசிங்கமாகப் போனால் மேஸ்திரி விசில் ஊதுவார். உடனே நிறுத்த வேண்டும்.

பாட்டு ஆரம்பித்தது. ஒரு சுற்று சுற்றி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டினேன்.

விசில்!

கம்பெனியே விரலை வாயில் வைத்து ஊதுகிறது. இதில் மேஸ்திரி விசில் எது, நீங்களே சொல்லுங்கள். அவர் ஊத ஊத, நான் இன்னும் நன்றாக ஆடினேன்... கடைசியில் அவரே வந்து ரெக்கார்டிலிருந்து முள்ளைத் தூக்கினார்.

மறுநாள் மன்னிப்புக் கடிதம் கேட்டார். இல்லாவிட்டால் இனி மேடை கிடையாது.

"எழுதறேன் மேஸ்திரி. எந்த ஸ்டெப்பு தப்பு?"

"அதான்டா... அந்த அசிங்கமானது."

"அதான் இன்னா? ஒருவாட்டி ஆடிக் காட்டுங்க."

சுற்றி நின்றவர்களில் ஒருவன், "ஆடுங்க மேஸ்திரி, நாங்க விசில் அடிக்கறோம்" என்றான். ஒரே சிரிப்பு.

அவர் ஆடவில்லை. நான் எழுதவில்லை. வேலையில் இருந்தவரை ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கீழே நின்று, எவனோ சுமாராக ஆடுவதைப் பார்த்தேன்.

போன வாரம் மருமகள் போனில் கொரியாப் பாட்டு. நர்ஸ் அவள், டூட்டி முடிந்து வந்தால் இதுதான்.

"இந்த ஸ்டெப்பு அந்த ஊரு டிவில கூடாதுன்னுட்டாங்க மாமா. மாத்தி ஆடிட்டாங்க."

இரண்டையும் காட்டினாள். தரையில் புரண்டு ஆடியதை, நின்றபடி ஆடியிருந்தார்கள்.

அங்கே எது கூடாது என்றாவது சொல்கிறார்கள். எனக்கு அதைக்கூட யாரும் சொல்லவில்லை. இன்றும் எனக்கு ஆறவில்லை. என் கதையைச் சொன்னேன்.

"இன்னதுன்னு சொல்லியிருந்தா மாத்தியிருப்பீங்களா மாமா?"

"மாத்தியிருப்பேம்மா" என்றேன்.

அவள் உள்ளே போன பிறகு அந்த இடுப்பு வெட்டை எடுத்துவிட்டு, மனசுக்குள் முழுப் பாட்டுக்கும் ஆடிப் பார்த்தேன்...

இல்லை. மாற்றியிருக்க மாட்டேன்.