கேட் வரை போன புளிச்சோறு

ஆறாம் வகுப்போடு நின்றவன் டிப்ளோமா படிப்பைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று நினைக்காதீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் நான். ஆனால் போன செவ்வாய்க்கிழமை பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

லுக்குட் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டின் விருந்தினர் பங்களாவில் நான் ஸ்டோர் பார்க்கிறேன். புது மேனேஜர் சங்கர் வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. லண்டனில் ஹோட்டல் நிர்வாகம் படித்தவர். அவர் விரித்த மெத்தையில் ஒரு சுருக்கம் இருக்காது. வந்தவர் முகத்தைப் பார்த்தே காப்பியா, தேநீரா என்று சொல்லிவிடுவார். படிப்பென்றால் இதுதான் என்று வியந்தேன்.

அன்று காலை, எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்து தங்கியிருந்த வாத்தியார் ஒருவர் சிரம்பானுக்குக் கிளம்பினார். சர்க்கரை நோய்க்காரர், நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். சங்கர் என்னிடம் வாழையிலை கேட்டார்.

"விருந்தாளியைப் பசியோட அனுப்பக் கூடாது அண்ணே. எங்களுக்கு மொத பாடமே அதுதான்."

புளிச்சோறு கட்டப்போகிறார் என்று புரிந்தது. எஸ்டேட்டை விட்டு ஒரு பிடி சோறு வெளியே போகக் கூடாது — காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். கடையில் மீன் டின்னைக்கூட, சேர்த்து வைக்க முடியாதபடி ஓட்டை போட்டுத்தானே கொடுக்கிறார்கள்? தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சட்டம் இது. லண்டனில் படித்தவருக்குத் தெரியாதா? பெர்மிட் வாங்கியிருப்பார்... வாயை மூடிக்கொண்டு இலையை எடுத்துக் கொடுத்தேன்.

பத்து நிமிடத்தில் கேட்டிலிருந்து ஆள் ஓடி வந்தார். நானும் சங்கரும் போனபோது வாத்தியார் இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றார். அறுபது வயது மனிதர்! காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, யாருக்குச் சோறு என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குத்தான் என்று வாத்தியார் சொன்னது எடுபடவில்லை.

சங்கர் முன்னால் போனார். "அவரை விடுங்க. கட்டிக் கொடுத்தது நான்."

"இதுகூடத் தெரியாதா லா? எந்த ஸ்கூல்ல சார் படிச்சீங்க?"

"லண்டன்ல."

யாரும் சிரிக்கவில்லை. இருவரையும் லாரியில் ஏற்றினார்கள். ஜெயிலுக்கே அனுப்பக்கூடிய குற்றம். இலை கொடுத்தவன் நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

கரண்டி எந்தப் பக்கம், முள்கரண்டி எந்தப் பக்கம் என்று படிப்பு சொல்லித் தரும். எந்த ஊரில் உபசாரம் குற்றமாகும் என்பதை அந்த ஊரில் வேலை செய்கிறவன் அல்லவா சொல்ல வேண்டும்? அதற்கு எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

மறுநாள் வாத்தியாரை விட்டார்கள். சங்கரை விடவில்லை. பங்களாவுக்குப் புதிதாக இரண்டு விருந்தாளிகள் வந்தார்கள். சங்கர் இடத்தில் நின்று பகல் சாப்பாட்டை நான் பரிமாறினேன்.