பேனாட்டம்

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் துணிக்கிடங்கைப் பெருக்குகிறவள் லோகநாயகி. முழங்கால் வரை முடி. வாய் அதைவிட நீளம். அந்த ஐப்பசியில் கடலுக்குப் போன புருஷன் தேசப்பன் மூன்று நாளாகத் திரும்பவில்லை. அவன் கரை சேர்ந்தால் இந்த முடியைத் திருப்பதி மலையில் இறக்குவதாக நேர்ந்துகொண்டிருந்தாள். வேண்டுதல் முடியில் அதுவரை கத்தி படக்கூடாது.

அடைமழையில் கிடங்குச் சுவர் ஊறிப் பூசணம் பூத்திருந்தது. சன்னலைத் திறந்து வையுங்கள் என்று ஆவணியிலிருந்தே கத்தினாள். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? திறந்தால் திருடன் வருவானாம்! அன்று காலை துணிக்கட்டைத் தூக்கினால், அடியில் ஊசிமுனை அளவில் வெளுத்த பூச்சிகள் குடுகுடுவென்று ஓடின.

துரைக்கு மொழிபெயர்க்கும் துபாசி வேதாசலத்திடம் போய்ச் சொன்னாள்.

"ஐயா, துணியில பூச்சி ஓடுது. பேனாட்டம் கீது. பூசணத்தத் துன்ன வந்ததுங்க."

அந்த மகானுபாவர் 'ஆட்டத்தை' விழுங்கிவிட்டுப் பேனை மட்டும் துரையிடம் கொண்டுபோனார். துரை அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கொண்டையைப் பார்த்தார். உடனே நாவிதனுக்கு ஆள் போயிற்று.

லோகநாயகிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இது சாமி முடி! இப்ப செரைச்சா என் புருசன் உசுருக்கு யாருய்யா பதில் சொல்றது? நான் இன்னா சொன்னேன், நீ இன்னா சொன்ன?"

வேதாசலம் கூரையைப் பார்த்தார். நாவிதன் பெட்டியைத் திறந்தான்.

துரையின் பொய்முடி ஈரச் சுவரோரம் ஒரு மரத்தலையில் மாட்டியிருந்தது. வெள்ளையாக இருக்க அதற்குத் தினமும் மாவு தூவுவார்கள். லோகநாயகி பாய்ந்து அதைப் பிடுங்கினாள். கறுப்பு மேசைமேல் ஓங்கி உதறினாள். மாவோடு மாவாக விழுந்த அதே வெளுத்த பூச்சிகள் நாலாபக்கமும் ஓடின.

"இதுங்க எந்தத் தலையிலேர்ந்து வந்துச்சாம்? கேட்டுச் சொல்லுய்யா!"

துரைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சிவந்த முகத்தோடு கையை வீசி நாவிதனைப் போகச் சொன்னார்.

பொய்முடியைத் தொட்ட குற்றத்துக்கு அன்றே அவளுக்கு வேலை போயிற்று. அன்றே கிடங்குச் சன்னல்களையும் திறந்துவிட்டார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

மறுநாள் உடைந்த படகோடு தேசப்பன் கரை சேர்ந்தான். மழை விட்டதும் இருவரும் மலையேறினார்கள். அங்கே நாவிதன் முன்னால் லோகநாயகி தானாகப் போய் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.