கிட்டங்கிச் சுவருக்குப் பின்னே ஒரு கொன்றை

திருத்தங்கலில் என் பட்டிமன்ற நோட்டீஸை அடித்த அச்சகத்தில், தாள் வெட்டும் இயந்திரத்தருகே நின்றவர் அவர். பெயரை நான் கேட்டதில்லை. நரைத்த புருவங்களில் எப்போதும் காகிதத் தூள் படிந்திருக்கும். சித்திரை மாதத்தில், மதிய மணி அடித்ததும் மற்றவர்கள் டீக்கடையில் கூடும்போது, அவர் மட்டும் தூக்குச்சட்டியோடு பின்வாசல் வழியே நழுவிவிடுவார்.

ஒருநாள் என்னையும் அழைத்துப் போனார். முன்பு சரக்கு அடுக்கிவைத்த கிட்டங்கியின் இடிந்த சுவருக்குப் பின்னே, சரக்கொன்றை ஒன்று மஞ்சளாய்ப் பூத்துத் தொங்கியது.

"நாள் முச்சூடும் மிஷின் சத்தம். வீட்டுல ஒம்பது பேரு. இந்த அரைமணி நேரந்தான் எனக்கு மூச்சு. மேடையில கீடையில சொல்லிப்புடாதீக தம்பி."

"நான் என்ன அம்புட்டு வாயாடியா அண்ணாச்சி?"

"நோட்டீஸுல உங்க பேருதான பெருசா இருக்கு!" என்று சிரித்தார்.

நகர வாழ்வில் அழகு உண்டா என்பது அவ்வாரப் பட்டிமன்றத்தின் தலைப்பு. 'உண்டு' என்று வாதாடிய என் அணி தோற்கும் நிலையில் இருந்தபோது, அந்த மரத்தை இடஞ்சுட்டி வருணித்தேன். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று, வென்றோம்.

மறுவாரம் போய்ப் பார்த்தேன். கைக்கு எட்டிய கிளைகள் எல்லாம் முறிந்திருந்தன. மிஞ்சிய பூக்களின் அடியில் குடும்பம் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரோ அச்சகத்துக்குள், இயந்திர இரைச்சலின் நடுவே அமர்ந்து உண்டுகொண்டிருந்தார்.

"நல்லாப் பேசுனீகளாம்ல தம்பி," என்றவர், தூக்குச்சட்டியைச் சற்று நகர்த்தி எனக்கு இடம் விட்டார். "சாப்பிட்டீகளா?"

அக்குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. களைப்பு மட்டுமே இருந்தது. எந்த எதிரணிக்கும் மறுமொழி தேடித் திணறியறியாத நான், அவர் விட்ட இடத்தில், அந்த இரைச்சலின் நடுவே போய் உட்கார்ந்தேன்.