நீர்க்காக்கா

ரிபாய் காக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. அவர்மேல் இல்லை. முகம்மது ரிபாய் கீழக்கரைக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். சவூதியில், செங்கடல் கரையோர யான்புவில், மீன்பிடித் துறைக்கு எதிரே இருபத்திரண்டு வருடமாக மளிகைக்கடை வைத்திருக்கிறார். ஒரு பூனை நொண்டினால்கூடக் கடையைப் போட்டது போட்டபடி ஓடுகிற ஆள்.

இந்தக் குளிர்காலத்தில் எந்தப் புண்ணியவானோ கடலில் கறுப்பு எண்ணெயைக் கொட்டிவிட்டான். நான் அங்கே கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறவன். அரபி பேசுவேன் என்ற திமிர் உண்டு. நான்கு நாள் விடாமல் நகராட்சிப் புகார் எண்ணுக்கு போன் செய்தேன். ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை, எண்ணெயில் ஊறிய பறவை ஒன்றைக் காக்கா ஏந்தி வந்தார். வடக்கே ஏரிகள் உறையும்போது இங்கே வந்து, முங்கி முங்கி மீன் பிடிக்கிற பறவை.

"நீர்க்காக்கா தம்பி. றெக்கைய விரிக்கவே முடியல பாருங்க."

பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, நாலு தண்ணீர் மாற்றிக் கழுவினார். அது அவர் விரலைக் கிழித்தது.

"கோவப்படட்டும். ஹயாத்து, ஆயுசு கெட்டியா இருக்குன்னு அர்த்தம்."

ஆனால் எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போயிருந்தது. மீனை நீட்டினால் தலையைத் திருப்பிக்கொண்டது. வைத்தியம் பார்க்காவிட்டால் பிழைக்காது.

"எனக்குக் கடை அரபிதான் வரும். நீங்கதான் நல்லா பேசுவீங்களே, டாக்டர வரச் சொல்லுங்க."

அதே எண்ணுக்குப் பேசினேன். என்ன பறவை என்று கேட்டார்கள். நீர்க்காகத்துக்கு அரபியில் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "குராப்" என்றேன். காகம்.

ஒரு மணி நேரத்தில் கூண்டோடு வண்டி வந்தது. காக்கா அவர்களுக்கு டீ கொடுத்து, "டாக்டர், மெதுவா" என்று கெஞ்சி வழியனுப்பினார்.

மாலையில் விசாரித்தேன். வந்தவர்கள் ஊருக்குள் காகம் ஒழிக்கிற கான்ட்ராக்ட்காரர்களாம். "குராப்? கலாஸ்" என்றான் அவர்களில் ஒருவன். தீர்த்துக்கட்டிவிட்டார்கள். எண்ணெய்க்கு நான்கு நாளாக வராத வண்டி, காகம் என்றதும் ஓடி வந்திருக்கிறது.

காக்காவிடம் சொன்னேன். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீர்க்காக்கான்னு பேர நான்தானே தப்பா சொன்னேன் தம்பி."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எண்ணெய் கொட்டியவன் நிம்மதியாக இருக்கிறான். வாய்க்கொழுப்பில் உளறியவன் நான். பழியை எடுத்துப் போட்டுக்கொள்வது இந்த மனுஷனா?

அவர் எதிரிலேயே மறுபடி போன் செய்தேன். அது காகம் இல்லை, கடல் பறவை, தப்பு என்னுடையது, கரையில் எண்ணெய் இன்னும் கிடக்கிறது என்று கத்தித் தீர்த்தேன். எதிர்முனையில் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

"என்ன சொல்றாங்க தம்பி?"

"இன்னும் காகம் இருக்கான்னு கேக்கிறாங்க காக்கா."