செவ்வாய்க்கிழமை வரை மிதவாதி

ஒருவரைப் பார்த்ததும் ‘இவர் இன்ன ஆள்’ என்று முத்திரை குத்துவது ஊரில் எல்லோரும் இலவசமாகச் செய்கிற காரியம். எங்களுக்கு அதற்குச் சம்பளம் தருகிறார்கள். கொக்குவிலில் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் இருந்துகொண்டு, அமெரிக்க அரசியல்வாதிகளின் பேச்சுகளை வாசித்து, இடதுசாரி, மிதவாதி, பழமைவாதி, தீவிரம் என்று கணினியில் பொத்தானை அமத்துவதுதான் தொழில். ஏதோ ஒரு இயந்திரம் அதைப் பார்த்து அறிவு வளர்க்கிறதாம். ஒரே பேச்சை மூன்று பேர் தனித்தனியே வாசிப்போம். இரண்டு பேர் ஒத்துப்போனால் அதுதான் உண்மை, மூன்றாவது ஆளுக்குப் புள்ளி குறையும். மேலிடத்துச் சுற்றறிக்கைக்குத் தலையாட்டியே கழுத்து நோகிற என் சக பாவங்களே, நான் சொல்வது உங்களுக்கு விளங்கும்.

எங்கள் மேசையில் மூன்று பேர். கரவெட்டியிலிருந்து பஸ்ஸில் தொங்கி வருகிற நான். வட்டுக்கோட்டை ஜெயசீலன் அண்ணை, இளைப்பாறிய ஆங்கில ஆசிரியர், மிஷன்காரர் காலத்திலிருந்தே வேதக்காரக் குடும்பம். மற்றது நிருபா. கலியாணம் முடித்துக் கனகாலத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு பிள்ளை தங்கியது. அந்தப் பிள்ளைக்கு மண்டையோடு வளரவில்லை, பிறந்தாலும் தங்காது, ஆனால் எடுப்பதற்குச் சட்டம் விடாது. இதை ஒளித்து வைத்துக் கதை சொல்ல எனக்கு மனமில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பென்சனை நிறுத்தச் சொன்னவர்

வேலை தொடங்கிய புதிதில் ஒரு பெரிய மனிதரின் பேச்சு வந்தது. அரசாங்கக் கந்தோர்களைப் பூட்ட வேண்டும், உத்தியோகத்தரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், பென்சனில் கை வைக்க வேண்டும் என்று முழங்கியிருந்தார். மூன்று பேரும் யோசிக்காமல் ‘இடதுசாரி, தீவிரம்’ என்று அமத்தினோம். அரசாங்க உத்தியோக மாப்பிள்ளைக்கு வரிசையில் நிற்கிற ஊரில், அந்த உத்தியோகத்தையே ஒழிக்கச் சொல்கிறவனைப் புரட்சிக்காரன் என்றுதானே நினைப்போம்?

மறுநாள் எங்கள் மேற்பார்வையாளர் ரமணன் முகம் தொங்கிப்போய் வந்தான். வயதில் சின்னவன், பாவம், அமெரிக்காவிலிருந்து வருகிற ஏச்சு முழுவதும் அவனுக்குத்தான். “அக்கா, உவர் சுத்தப் பழமைவாதியாம்” என்றான். ஜெயசீலன் அண்ணை நம்பவேயில்லை. “பென்சனை நிப்பாட்டச் சொல்லுறவர் பழமைவாதி எண்டால், உந்த நாட்டிலை பழசு எண்டு என்னத்தை வைச்சிருக்கினம்?”

செவ்வாய்க்கிழமைச் சுற்றறிக்கை

கருக்கலைப்புப் பேச்சுகள் வரத் தொடங்கியதும் எங்கள் பாடு இன்னும் திண்டாட்டமானது. அமெரிக்காவின் பெரிய நீதிமன்றம் இந்த விஷயத்தில் கையைக் கழுவி, அந்தந்த மாநிலமே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டதல்லவா? நாடு முழுக்கத் தடை கேட்கிறவர் பழமைவாதி, மாநிலத்திடம் விடச் சொல்கிறவர் மிதவாதி என்று முதல் சுற்றறிக்கை சொன்னது. தேர்தல் கிட்ட வந்தது. தடை கேட்டவர்களுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, எல்லோரும் மாநிலத்துக்கு மாறினார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை புதுச் சுற்றறிக்கை: மாநிலத்திடம் விடுகிறவர்தான் பழமைவாதி, தடை கேட்கிறவர் தீவிரம். திங்கள் வரை மிதவாதியாக இருந்த மனிதர், வாயே திறக்காமல் புதன்கிழமை பழமைவாதியாக விழித்தார்.

ஒருவர் மட்டும் எதற்கும் அசையவில்லை. கரு உண்டான நாளிலிருந்தே தடை என்றார், பிறகு முதல் சில வாரம் மட்டும் விடலாம் என்றார், பிறகு நான் அப்படிச் சொல்லவேயில்லை என்றார். மூன்றுக்கும் அவருக்கு ஒரே முத்திரைதான்: ‘உறுதியான பழமைவாதி’. இதில் உறுதி எங்கே இருக்கிறது என்று ரமணனிடம் கேட்டேன். “கொள்கை மாறலாமாம் அக்கா, தலைவரை மட்டும் மாத்தக் கூடாதாம்.”

தெரிந்த சொல்

ஒருநாள் புது முத்திரை ஒன்று வந்தது. ‘பெயருக்குக் கட்சிக்காரர்’. ரமணன் பலகையில் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, வியர்த்து விறுவிறுத்து விளங்கப்படுத்தினான்: கட்சிக்குள்தான் இருப்பார், பழைய கொள்கையைத்தான் கதைப்பார், ஆனால் தலைவர் சொல்வதற்கு மாறாக ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

ஜெயசீலன் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தம்பி, ஏன் இவ்வளவு கஷ்டப்படுறீர்? துரோகி எண்டு சொல்லும், எங்கடை ஆக்களுக்கு உடனை விளங்கும்.”

ஒன்றும் ஆகாது

நிருபாவின் ஸ்கான் முடிவு வந்தது அந்த நாட்களில்தான். எடுத்துவிடுங்கள் என்று அவளும் புருஷனும் டொக்டரிடம் கேட்டார்கள். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் எடுக்கலாம், உங்கள் உயிருக்கு ஆபத்தில்லையே என்றாராம். வெள்ளைக்காரன் எழுதிவைத்துப் போன சட்டம் அது. அவன் போன பிறகு கொடியை மாற்றினோம், நாட்டின் பெயரை மாற்றினோம், அரசியலமைப்பைத் திரும்பத் திரும்ப மாற்றினோம், இதை மட்டும் மாற்ற ஒருவருக்கும் துணிவில்லை. எதிலுமே ஒத்துப்போகாத மதத் தலைவர்களில் பலர் இந்த ஒரு விஷயத்தில் தோளோடு தோள் நிற்கிறார்கள். நாட்டில் ஒற்றுமை இல்லை என்று யார் சொன்னது?

லீவு எடு என்று நான் சொன்னேன். வீட்டில் இருந்தால், கீரிமலைக் கோயிலுக்குப் போய் நேர்த்தி வை என்று சொல்ல ஒரு சனம், கிரகதோஷம் பார்க்கச் சொல்ல இன்னொரு சனம். அதற்கு அமெரிக்கனே பரவாயில்லை என்று வேலைக்கு வந்தாள். பஸ்ஸில் அவள் வயிற்றைப் பார்த்து எழும்பி இடம் கொடுத்தவர்கள், எத்தனையாம் மாதம் என்று சிரித்துக்கொண்டு கேட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. “டொக்டர் நல்ல மனுசன் அக்கா. ‘உங்களுக்கு ஒண்டும் ஆகாது அம்மா’ எண்டு சொல்லேக்கை அவருக்கே வெக்கமாப் போச்சுது.”

மூன்று பேருக்கும் ஒரே பிழை

பிறகு அந்தப் பேச்சு வந்தது. ஏதோ ஒரு மாநிலத்து மனிதர். பிள்ளை தப்பாது என்று தெரிந்தாலும் தாய் சுமந்துதான் ஆகவேண்டும், தாயின் உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும் பார்க்கலாம் என்று தேன் ஒழுகப் பேசியிருந்தார். தாயின் உயிருக்கு விலக்குக் கொடுத்தபடியால், அந்தக் கிழமைச் சுற்றறிக்கைப்படி அவர் மிதவாதி. முத்திரை குத்துமுன் ஒருவரோடொருவர் கதைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. நிருபாவின் திரையிலும் அதுதான் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். நான் ‘தீவிரம்’ என்று அமத்தினேன். ஜெயசீலன் அண்ணை எப்படியும் விதிப்படி போவார், நிருபாவும் அப்படியே அமத்தினால் எனக்குப் புள்ளி போகும் என்றுதான் நினைத்தேன்.

மூன்று பேரும் தீவிரம். ரமணன் ஓடி வந்தான். “மூண்டு பேருக்கும் ஒரே பிழை எப்பிடி வரும்? அவர் சொல்லுறது எங்கடை நாட்டுச் சட்டத்தைத்தானே, அதைப் போய்த் தீவிரம் எண்டு போட்டிருக்கிறியள்” என்றான். சொன்ன பிறகுதான் நிருபாவைப் பார்த்தான். ஜெயசீலன் அண்ணை மெதுவாகச் சொன்னார்: “தம்பி, கருவைக் கலைக்கிறது பாவம் எண்டு எங்கடை வேதக் கோயிலிலை கதைச்சவன் நான். இண்டைக்கும் அதைத்தான் நம்புறன். ஆனால் நிருபாவுக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு உந்தப் பேச்சை மிதம் எண்டு அமத்த என்ரை கை விடேல்லை.”

திரும்பி வந்தவள்

நிருபா மாதம் முழுதும் சுமந்து பெற்றாள். பெண் பிள்ளை. காலையில் பிறந்தது, மத்தியானத்துக்கு முன்னமே போய்விட்டது. பால் கட்டி அவள் பட்ட பாட்டை நான் எழுதப்போவதில்லை.

திரும்பி வந்த அன்று நானும் ஜெயசீலன் அண்ணையும் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தோம். அவளே வாயைத் திறந்தாள். “பிள்ளை வயித்துக்குள்ளை இருக்கும்வரைக்கும் எல்லாருக்கும் அதிலை உரிமை இருந்தது அக்கா. செத்தவீட்டுக்கு நானும் அவரும் மட்டுந்தான்.”

என் தொழிலைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு இப்போது இவ்வளவுதான் சொல்வேன்: வலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் எங்களிடம் ஒரு முத்திரை இருக்கிறது, வலிக்கிற ஆளுக்கு மட்டும் இன்னும் சுற்றறிக்கை வரவில்லை.